கூட்டு வாடகையும் பிரிவினையும்

(உப்பிலியபுரம் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



இருவர் கூடிக் கடை பிடிக்கும்போது நாள் பார்க்கிறோம், நேரம் பார்க்கிறோம், பூசணிக்காய் உடைக்கிறோம். கையெழுத்துப் போடும் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மாத்திரம் பார்ப்பதில்லை. பிறகு சங்கடம் வந்தால் "என் கிரகம்" என்கிறோம். கிரகமா வந்து கையெழுத்துப் போட்டது?

இந்த ஊரில் இரு நண்பர்கள் மாதம் 6,000 ரூபாய் வாடகைக்கு ஒரு கடையை எடுத்து, 18,000 ரூபாய் முன்பணம் கட்டி, இருவருமே கையெழுத்திட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மனஸ்தாபம் வந்து ஒருவர் சாவியைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுத் திருச்சிக்குப் போய்விடுகிறார். கடையில் இருப்பவர் நான்கு மாதம் வாடகை கட்டவில்லை. போனவருக்கு ஜவாப்தாரி உண்டா, இல்லையா?

உண்டு, தோழர்களே! பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்கிறது 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 43-வது பிரிவு. ஆகவே 24,000 ரூபாயையும் போனவரே கொடுக்க நேரிடலாம். அதில் பாதியைக் கூட்டாளியிடம் கேட்க அதே பிரிவு உரிமை தருகிறது. ஆனால் கேட்டு அலைகிறவரும் அவர்தான்! அந்தப் பணம் எங்கிருந்து வரும்? வீட்டுப் பெண்ணின் காதிலிருந்தும் கழுத்திலிருந்தும்தானே? காலி செய்யச் சொல்லும் நோட்டீஸைக்கூடக் கூட்டுக் குடிகளில் ஒருவருக்குக் கொடுத்தால் போதும் என்று பம்பாய்த் துறைமுக வழக்கில் 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

ஆகவே, பிரிகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் போதாது. கட்டடச் சொந்தக்காரரையும் வைத்துக்கொண்டு பேச வேண்டும். அன்றைய தேதிவரை வாடகையையும் மின்சாரக் கட்டணத்தையும் தீர்த்து, போகிறவருடைய முன்பணப் பங்கை யார் கொடுப்பதென்று எழுதி, பழைய பத்திரத்தை ரத்துச் செய்து, இருப்பவர் பேரில் புதுப் பத்திரம் எழுத வேண்டும். இதற்கு 62-வது பிரிவு இடந்தருகிறது. சொந்தக்காரர் சம்மதிக்காவிட்டால், இனி வரும் வாடகைக்குத் தானே பொறுப்பென்று இருப்பவரிடமாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது சொந்தக்காரரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கொடுத்த பணத்தைக் கூட்டாளியிடம் திரும்பக் கேட்க ஆதாரமாகும்.

"நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு, அது அவமானமல்லவா?" என்பார்கள். எழுதிக்கொள்வது அவமானமல்ல, எழுதாமல் பிரிந்து, பின்னர் தெருவில் நின்று ஏசிக்கொள்வதே அவமானம்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஏற்க வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். தெரிந்த வக்கீலைக் கேளுங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் அதன்படி செய்யுங்கள்.