சூரியக் காற்று
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



வங்கத்தில் வாழும் நமக்குக் கால்பைசாகி புதிதன்று. கோடை மாலையில் வானம் கறுத்து வீசும் அப்புயலையும் விஞ்சிய காற்றொன்று நாள்தோறும் நம் உலகைச் சூழ்ந்து வீசுகிறது. அது சூரியனிலிருந்து வருவது. ஹௌராவில் மெயிலேறினால் சென்னை சேர ஓர் இரவும் ஒரு பகலும் போதா. அந்த 1,660 கிலோமீட்டரை இக்காற்று ஏறக்குறைய நான்கு விநாடியில் கடந்துவிடும்! எனினும் அதன் அடர்த்தி மிகச் சொற்பம். பூமியின் அருகே ஒரு கன சென்டிமீட்டரில் சில துகள்களே உள்ளன.

இக்காற்று எங்ஙனம் பிறக்கிறது? சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 டிகிரி வெப்பமுடையது. முழுக் கிரகணத்தின்போது நாம் காணும் ஒளிமகுடமோ பத்து லட்சம் டிகிரிக்கும் மேற்பட்டது. அங்கே அணுக்கள் சிதைந்து மின்னூட்டம் பெற்ற துகள்களாகின்றன. (வெப்பத்தால் நிகழும் இச்சிதைவுக்குச் சமன்பாடு கண்டவர், இந்நகரத்து அறிவியற் கல்லூரியில் பணியாற்றிய மேகநாத சாகா, ஆண்டு 1920.) அம்மகுடத்தைச் சூரியனின் ஈர்ப்பு முழுதும் கட்டிவைக்க இயலாது, அது மெல்லக் கசிந்து, விலக விலக விரைவு மிகுந்து, ஒலியின் வேகத்தையும் கடந்து பாயும் என்று 1958-இல் சிகாகோவின் யூஜின் பார்க்கர் கணக்கிட்டார்.

கட்டுரையை ஆராய்ந்த இருவரும் அதை மறுத்தனர். அவ்வானியல் இதழின் ஆசிரியர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அக்கருத்து உவப்பாயில்லை. ஆனால் மறுத்தவர் எவரும் கணக்கில் பிழை காட்டவில்லை, ஆகவே வெளியிட்டார். தமக்கு உடன்பாடில்லாததை அச்சேற்றும் ஆசிரியர் எத்தனை பேர்? (நம் மலர்க் குழுவினர் என்னைப் பொறுத்தருள்க!) 1962-இல் சுக்கிரனை நோக்கிச் சென்ற மாரினர் 2 கலம், இக்காற்று இடையறாது வீசுவதை அளந்து காட்டியது.

வரும் வழியில் அது மாறவும் செய்கிறது. காந்தக் கோடுகள் திறந்து கிடக்கும் மகுடத் துளைகளிலிருந்து கிளம்புவது விநாடிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல் விரையும். மெதுவானது 400 அளவில் செல்லும். விரைந்தது மெதுவானதை எட்டிப்பிடித்து நெருக்கும். சூரியன் சுழல்வதால், தீபாவளித் தரைச்சக்கரத்தின் பொறிகளைப் போல, துகள் ஒவ்வொன்றும் நேரே ஓடினும் காந்தக் கோடுகள் சுருளாய் வளைகின்றன. பரவும் காற்று விரைவில் குளிர வேண்டும். எதிர்பார்த்த அளவு குளிர்வதில்லை. காந்த அலைகளும் கொந்தளிப்பும் வழியெல்லாம் அதற்கு வெப்பமூட்டுகின்றன என்பர்.

மெதுவான காற்றின் பிறப்பிடமோ இன்னும் வழக்கில் உள்ளது. 2023 செப்டம்பர் 2-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவுக்குச் சென்று இக்காற்றின் துகள்களை அளந்தது. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி அம்மையார். பார்க்கரின் பெயர் தாங்கிய அமெரிக்கக் கலம் 2018-இல் கிளம்பியதை, 91 வயதில் அவரே நேரிற் கண்டார். 2021 ஏப்ரலில் அக்கலம் ஒளிமகுடத்துக்குள்ளேயே புகுந்தது.