நோன்பும் பிரஷர் மாத்திரையும்

(ஷஃபான் மாதப் பொதுக்கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



கஞ்சிக்கு அரிசி, ஃபித்ரா வசூல் பற்றித் தலைவர் பேசிவிட்டார். நான் பேச வந்தது பிரஷர் மாத்திரையைப் பற்றி.

நம் மஹல்லாவில் பல வீடுகளில் மாத்திரை அட்டை இருக்கிறது. அதை ஒழுங்காகச் சாப்பிடுகிறோமா என்பதுதான் கேள்வி. "தலைச்சுற்றல் இல்லை, நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடுகிறார்கள். அழுத்தம் 160, 180 என்று ஏறி நின்றாலும் பலருக்கு உடம்பில் ஒன்றும் தெரியாது. கடைசியில் வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்த பிறகுதான் தெரியவரும். அதன்பின் குடும்பமே படுத்துவிடுகிறது. உதவி கேட்டு வரும் மனுக்களைப் படிக்கிறவன் என்பதால் சொல்கிறேன்.

வாப்பாவுக்கு எழுதிய மாத்திரையை உம்மாவும் பங்கு போடுவது, மாதக் கடைசியில் பாதியாக உடைப்பது இரண்டும் வேண்டாம். காசுதான் காரணமென்றால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் கொடுக்கிறார்கள். வாங்க என்ன வெட்கம்?

ரமலானில் இன்னொரு சிக்கல். பகலில் விழுங்க முடியாதே என்று முப்பது நாளும் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அம்லோடிபின் போன்ற மாத்திரை ஒரு நாளைக்கு ஒன்றுதான். இஃப்தாருக்குப் பிறகோ ஸஹரிலோ போட்டுக்கொள்ளலாம். இரண்டு வேளை மாத்திரைக்கும் அந்த இரண்டு நேரம் இருக்கிறது. மூன்று வேளை என்றால், மாற்றித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்; பகலெல்லாம் தண்ணீர் இல்லாமல் இருக்கிறோம் அல்லவா? சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட ஏறிவிடும், இதயத்துக்கும் ஆபத்து.

கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது. இதைக்கூடத் தவிர்ப்பவர்கள் இருப்பதால் சொல்கிறேன்.

நோன்பே கூடாது என்று டாக்டர் சொன்னால், ஆலிமிடம் கேளுங்கள். நோயாளிக்குச் சலுகை தந்தது சூரத்துல் பகரா. அதை மறுத்து நாம் என்ன நிரூபிக்கப் போகிறோம்?

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மதரஸாவில் டாக்டர் இருப்பார். சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், பாதி தீர்ந்ததையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பெண்களுக்கு மாடியில் தனி இடம் உண்டு.