மாரித்தவளைகளுக்கும் ஒரு வரவு இடாப்பு
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் பேச வந்தால் நீரிழிவு, குருதியமுக்கம் பற்றித்தான் சொல்லுவார் என்று எண்ணியிருப்பீர்கள். நான் தவளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வகுப்பிலே கதைத்தால் "மாரித்தவளை மாதிரிக் கத்தாதேயுங்கோ" என்று ஏச்சு வாங்கியவர்கள் இங்கே பலர் இருக்கிறோம். ஆகவே இது நமக்கு உறவுமுறையான விடயம்தான்.

இலங்கையிலே பிறந்த இராணுவ வைத்தியர் எட்வர்ட் கெலார்ட், 1853இல் மலைநாட்டுத் தவளை ஒன்றை விவரித்து எழுதினார். நட்சத்திரம் போன்ற புள்ளிகளை உடையது. அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதை எவரும் காணவில்லை. அழிந்துபோன இனமென்றே கொண்டார்கள். 2009இல் சிவனொளிபாதமலைச் சரணாலயத்தில் நமது நாட்டு ஆய்வாளர்கள் அதை உயிரோடு கண்டார்கள். "உண்டு" என்று சொல்ல ஓர் இரவு போதும். "இல்லை" என்று சொல்லப் பல மாரிகள் வேண்டும். நோயாளியின் நாடியை ஒருமுறை பார்ப்பதைவிட, நாளாந்தம் பதிந்த அட்டைதானே எங்களுக்குக் கூடுதலாகச் சொல்லும்? தவளைகளுக்கும் அப்படித்தான்.

எண்ணும் முறை எளிது. மழை பெய்த இரவில், குறித்த இடத்தில், குறித்த நேரம் பேசாமல் நின்று கேட்க வேண்டும். கூப்பிடுவது பெரும்பாலும் ஆண்தான். ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு குரல். பிறகு டோர்ச் வெளிச்சத்தில் அளந்த பாதை வழியே நடந்து, கண்டதை எழுத வேண்டும். திகதி, நேரம், மழை எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கணக்கெடுப்பிலே அது தன் வாயால் பிழைக்கிறது.

இலங்கையில் 120க்கு மேற்பட்ட தவளை, தேரை இனங்கள் உண்டு. அவற்றிற் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. ஆனால் அவை அநேகமாக ஈரவலயக் காடுகளில் வாழ்பவை. நம் ஊரில் இருப்பவை குளத்துப் பச்சைத் தவளை, முற்றத்துத் தேரை, குளியலறைச் சுவரில் ஒட்டியிருந்து நீர்நிலையின் மேல் நுரைக்கூடு கட்டும் மரத்தவளை போன்ற சாதாரண இனங்கள். அப்படியானால் இவற்றை ஏன் எண்ண வேண்டும்?

தண்ணீருக்காகத்தான். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு நம் வட்டுக்கோட்டையைக் கடந்து அராலிப் பக்கம் கடலேரியில் விழுகிறது. மீதி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நம் கிணறுகளுக்கு வருகிறது. அதே வழியால் தோட்டத்து உரமும் மலசலகூடக் கழிவும் இறங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்; அதைத் தாண்டிய கிணறுகள் குடாநாட்டில் பல. அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு உடல் நீலம் பாயலாம். தவளை தோலாலேயே நீரை உறிஞ்சுவது. வாற்பேத்தை நாள் முழுதும் அந்நீரிலேயே கிடப்பது. நீர்நிலை பழுதானாலும் தூர்ந்தாலும் அவற்றின் தொகையில் அது தெரியவரும். உலகில் 100 ஈரூடக இனங்களுக்கு 41 இன்று ஆபத்தில் இருக்கின்றன. குளமும் தரவையும் மண்போட்டு மூடப்படுவதை நாமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. இந்த நூற்றாண்டு ஆண்டிலே நம் கல்லூரி தவளைகளுக்கு ஒரு வரவு இடாப்பைத் திறக்கட்டும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை, மாதம் இரண்டு இரவுகள், உயர்தர உயிரியல் மாணவிகள் ஆசிரியையோடும் பெற்றோரோடும் போகட்டும். சப்பாத்து இல்லாமல் இறங்க வேண்டாம். தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். வெள்ளநீரில் எலிக்காய்ச்சலும் உண்டு. வீடு திரும்பியதும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களும் சேரலாம். அவுஸ்திரேலிய அருங்காட்சியகம் 2017இல் தொடங்கிய ஃப்ரொக் ஐடி திட்டத்தில், அங்குள்ளவர்கள் கைத்தொலைபேசியிலேயே தவளைக் குரலைப் பதிந்து அனுப்புகிறார்கள். சிட்னி, மெல்பேர்ண் தங்கைமார் அதிற் பழகி, நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். டோர்ச், மழைமானி, சப்பாத்து வாங்க மற்றக் கிளைகள் உதவலாம்.

இருபது மாரிகள் எழுதினால், இந்த ஊரின் தண்ணீருக்கு நடந்ததைச் சொல்ல ஓர் ஏடு இருக்கும். முதல் பக்கத்தை இந்த ஐப்பசியில் எழுதுவோம்.