முட்டைக்குள் ஒரு குரல்

ஐதராபாத்துக்குக் குடிநீர் தரும் ஆறுகளில் ஒன்று மஞ்சீரா. அங்கே முதலைகள் வாழ்கின்றன. கோடையில் தாய் முதலை கரையில் குழி தோண்டும். சுமார் 25 முட்டைகள் இடும். மண்ணால் மூடும்.

கோழி தன் முட்டையைப் புரட்டி அடைகாக்கும். முதலை முட்டையைப் புரட்டக் கூடாது. ஒரே நாளில் கரு ஓட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். பிறகு புரட்டினால் இறந்துவிடும். அதனால்தான் பண்ணைக்கு முட்டை எடுப்பவர்கள் அதன் மேல்பக்கத்தில் பென்சிலால் குறியிடுவார்கள்.

குஞ்சு ஆணா, பெண்ணா? குழியின் சூடுதான் அதை முடிவு செய்கிறது. மண்ணைக் கலைத்தால் சூடு மாறும்.

இரண்டு மாதம் கழித்துக் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே கத்தும். தாய் ஓடி வந்து தோண்டும். குஞ்சுகளை வாயில் கவ்வி நீரில் விடும். தாயை விரட்டினால் அவை மண்ணுக்குள்ளேயே மடியலாம்.

ஆகவே குழியைக் கண்டால் விலகுங்கள். தாய் அருகில் காவல் இருக்கும். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.