கண்ணாடியில் தெரியும் விளக்கு



1916-ஆம் ஆண்டு கோடையில் அகஸ்டா, அட்லைன் என்ற வான் பியூரன் சகோதரிகள் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஆளுக்கொரு இந்தியன் மோட்டார் சைக்கிளில் மேற்கே புறப்பட்டார்கள். போர்க்காலத்தில் செய்தி கொண்டுபோகும் வேலையைப் பெண்களாலும் செய்ய முடியும் என்று காட்டுவது அவர்கள் நோக்கம். ஆண்களின் உடையில் இருந்ததற்காகச் சிற்றூர்களில் போலீஸ்காரர்கள் தடுத்தார்கள். கொலராடோவில் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் சிகரத்தின் உச்சிவரை வண்டியிலேயே ஏறினார்கள். ஜூலையில் கிளம்பியவர்கள் கலிபோர்னியாவைத் தொட்டபோது செப்டம்பர் ஆகிவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இருவரும் ஆளுக்கொரு வண்டியில் போனார்கள் என்பதுதான். அமெரிக்காவின் மேற்கு மலைநாட்டில், மொன்டானா, வயோமிங், கொலராடோ, இடாஹோ பக்கம், கோடையில் நண்பர்கள் இரண்டு பைக்குகளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு சுற்றும் பழக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது. அதைச் சாகசம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் அதை ஒரு கலை என்றே சொல்வேன். நாளெல்லாம் தனியாக இருந்துகொண்டே ஒருவருக்கொருவர் துணையாக இருப்பது எப்படி என்பதுதான் அந்தக் கலையின் உள்ளடக்கம்.

முதலில் பருவத்தைச் சொல்லிவிடுகிறேன். அங்கே மலைப்பாதைகள் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் ‘சூரியனுக்குப் போகும் பாதை’ என்று பெயர் பெற்ற சாலை 1933-இல் திறக்கப்பட்டது. அதன் உச்சியான லோகன் கணவாயில் பனியை இயந்திரங்களால் தோண்டி எடுத்து வழிவிட ஜூன் கடைசி ஆகும், சில ஆண்டுகளில் ஜூலையும் ஆகும். பேர்டூத் நெடுஞ்சாலை என்ற இன்னொரு மலைச்சாலையை அக்டோபரில் மூடினால் மே மாதக் கடைசியில்தான் திறப்பார்கள். ஆக, கையில் இருப்பது சில மாதங்கள்தான்.

சரி, இரண்டு பேர் எப்படி ஓட்டுவது? நேர்ச்சாலையில் ஒருவர் இடப்பக்கம், மற்றவர் இரண்டு விநாடி தூரம் விட்டுப் பின்னால் வலப்பக்கம். வளைவுகள் தொடங்கியதும் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளியை இன்னும் கூட்டி. கொண்டை ஊசி வளைவில் அவரவருக்குத் தன் தடத்தின் முழு அகலமும் வேண்டும். மெதுவாக ஓட்டுகிறவர் முன்னால் போவதையே நான் விரும்புவேன். வேகமானவர் முன்னால் போனால், பின்னால் வருகிறவர் தன் திறமைக்கு மீறி ஓட்டத் தொடங்குவார். மலையில் அது ஆபத்து. கொலராடோவில் சில்வர்டனுக்கும் யூரேவுக்கும் இடையே ‘மில்லியன் டாலர் நெடுஞ்சாலை’யில் பல இடங்களில் ஓரத்தில் தடுப்பே கிடையாது. பக்கத்தில் நேராகப் பள்ளம்.

முன்னால் போகிறவருக்கு ஒரே கடமை. கண்ணாடியில் பின்வண்டியின் முகப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே போவது. விளக்கு காணாமல் போனால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அப்போதும் வராவிட்டால் ஓரமாக நிறுத்த வேண்டும். சாலை பிரியும் இடத்தில், எவ்வளவு நேரமானாலும், பின்னவர் வந்து சேரும்வரை நின்றாக வேண்டும். இதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் செய்கிற ஒருவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். என் நண்பர் அப்படிப்பட்டவர். ஒரு திருப்பத்தில் நான் கையுறையைச் சரிசெய்ய நின்றேன். மறுபடி கிளம்பி வளைவைக் கடந்தால், அவர் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாலையோரம் நின்றிருந்தார். ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. தலையை அசைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

இப்போது ஹெல்மெட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் கருவிகள் வந்துவிட்டன. நகரச் சாலைக்கு அவை உதவும். மலைக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கணவாயை ஏறி முடித்ததும் என்ன தோன்றியது என்பதை உடனே சொல்லிவிட்டால் மாலையில் பேச என்ன மிச்சம் இருக்கும்? எட்டு மணி நேரம் ஒரே மலையைத் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, கூடாரத்தின் முன் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கிறபோதுதான் நண்பர் எதைக் கவனித்தார் என்பது தெரியவருகிறது. ஒருவர் பாறையின் நிறத்தைச் சொல்வார், மற்றவர் பைன் மர வாசனை எந்த உயரத்தில் நின்றுபோனது என்று சொல்வார்.

இதனால்தான் விடுதியை விடக் கூடாரம் மேலானது என்கிறேன். விடுதிக்குப் போனால் ஆளுக்கொரு படுக்கை, நடுவில் தொலைக்காட்சி. முகாமில் வேலை இருக்கிறது. ஒருவர் தண்ணீர் கொண்டுவர, மற்றவர் கூடாரத்துக்கு முளை அடிக்கிறார். தேசிய வனங்களில் பெரும்பாலும் கட்டணமில்லாமல் 14 நாள் வரை ஓரிடத்தில் தங்கலாம். அங்கே குழாயும் கழிப்பறையும் எதிர்பார்க்கக் கூடாது. உயரத்தில் சமையலும் மாறுகிறது. 3,000 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் அரிசி வேக வெகுநேரம் பிடிக்கும். அந்தக் காத்திருப்பில்தான் எங்கள் நல்ல பேச்செல்லாம் நடந்தது. சாப்பிட்டு முடித்ததும் மிச்ச உணவு, பற்பசை, சோப்பு என வாசனையுள்ள எதையும் கூடாரத்தில் வைக்கக் கூடாது. 100 கெஜத்துக்கு அப்பால், கரடியால் திறக்க முடியாத பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் துணிக்கூடாரத்துக்கு அனுமதியே இல்லை, கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம் அது. பைக்கில் போகிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொண்டு வேறு இடம் பார்க்க வேண்டும்.

நாளின் நேரத்தை மலையே பிரித்துக் கொடுத்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கொலராடோ மலைகளில் மதியத்துக்குப் பிறகு இடி மின்னல் சகஜம். மரங்களே வளராத உயரத்தில் மின்னலுக்கு மறைவிடம் கிடையாது. எனவே கணவாய்களைக் காலையிலேயே கடக்க வேண்டும். அந்தி சாயும் நேரத்தில் மான்களும் எல்க்குகளும் சாலைக்கு வரும், அதற்கு முன் வண்டியை நிறுத்திவிட வேண்டும். ஒரே நாளில் 800 கிலோமீட்டர் ஓட்டினோம் என்று பெருமை பேசுகிறவர்களிடம் எனக்கு மரியாதை இல்லை. அவர்கள் பார்த்தது தார்ச்சாலையை மட்டும்தான்.

இந்தப் பயணத்தின் இலக்கியத்தைத் தொடாமல் முடிக்க மனமில்லை. ராபர்ட் பிர்சிக் 1968-இல் மின்னியாபொலிஸிலிருந்து தன் மகன் கிறிஸைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஒரு ஹோண்டாவில் மேற்கே போனார். கூடவே சதர்லாண்ட் தம்பதியினர் ஒரு பி.எம்.டபிள்யூ.வில் வந்தார்கள். அதை வைத்து அவர் எழுதிய புத்தகம் 1974-இல் வெளிவந்தது. பிர்சிக்குக்குத் தன் வண்டியைத் தானே பிரித்து மாட்டுவதில் ஈடுபாடு. ஜான் சதர்லாண்டுக்கோ எஞ்சினில் கைவைக்கவே பிடிக்காது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து ஒரு தத்துவத்தையே கட்டி எழுப்பினார் பிர்சிக். ஒரே சாலையில் போகும் இருவர், வண்டியை இவ்வளவு வேறாகப் பார்க்க முடியும் என்பதைச் சண்டையில்லாமல், பொறுமையாக ஆராய்ந்ததுதான் அந்தப் புத்தகத்தின் பெரிய சாதனை என்று கருதுகிறேன்.

பிர்சிக்கின் குழுவினரும் ரெட் லாட்ஜ் என்ற ஊரிலிருந்து பேர்டூத் கணவாயை ஏறினார்கள். 1,700 மீட்டரில் இருக்கும் ஊரிலிருந்து 3,337 மீட்டருக்கு. கீழே சட்டை போதும், மேலே கம்பளி உடையும் பற்றாது. காற்று மெலிவதால் வண்டியின் இழுவையும் குறையும். பழைய கார்புரேட்டர் வண்டிகள் அந்த உயரத்தில் பெட்ரோலை அதிகம் குடித்துவிட்டுத் திணறும்.

போஸ்மன் நகரத்தில் சதர்லாண்ட் தம்பதியினர் ஊருக்குத் திரும்பினார்கள். தந்தையும் மகனும் மேற்கே தொடர்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு விடுப்பு கிடைப்பதில்லை. அதனால் எந்த ஊரில் பிரிவது என்பதை நண்பர்கள் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் ஒரு சாலைக்கு மட்டும் நான் விதிவிலக்குக் கேட்பேன். மொன்டானாவிலிருந்து லோலோ கணவாயைத் தாண்டி இடாஹோவுக்குள் இறங்கும் 12-ஆம் எண் நெடுஞ்சாலை, லோக்ஸா ஆற்றோடு சேர்ந்து வளைந்து வளைந்து போகும். அடுத்த 99 மைலுக்கு வளைவுகள் என்று அறிவிப்புப் பலகையே வைத்திருக்கிறார்கள். அந்த 99 மைலைத் தனியாக ஓட்ட எனக்கு மனம் வராது. இன்னும் ஒரு நாள் விடுப்பை நீட்டிக்கச் சொல்லி நண்பரிடம் கெஞ்சியாவது அழைத்துப் போவேன்.