இலைவெட்டிக் கூட்டில் ஒரு குயில்

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் நாற்றுப்பண்ணை நடத்துகிறேன். "ரோஜா இலை ஓரத்தைக் கத்தரிக்கோலால வட்டமா வெட்டின மாதிரி இருக்கே, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று அடிக்கடி கேட்பார்கள். மருந்தே வேண்டாம்மா என்பேன். அது இலைவெட்டித் தேனீ. இலையைத் தின்னாது. நீளத் துண்டுகளைச் சுருட்டி, மூங்கில் துளைக்குள் சின்னச் சின்ன அறை கட்டும். மகரந்தமும் மதுவும் குழைத்து வைத்து, அறைக்கு ஒரு முட்டையிட்டு, வட்டத் துண்டுகளால் மூடும். ராணி, படை எதுவும் கிடையாது. ஒற்றைத் தாயின் உழைப்பு.

ஆனால் இன்று நான் சொல்ல வந்தது அந்தக் கூட்டுக்குள் நுழையும் இன்னொரு தேனீயைப் பற்றி. பச்சை வலைப் பந்தலின் மூங்கில் பக்கம் அதைப் பார்த்தேன். கறுப்பு உடல், வெள்ளைப் பட்டைகள், வயிற்று நுனி ஊசியாய்க் கூர்ந்திருந்தது. இலைவெட்டி பூவுக்குப் பறக்கும்வரை பக்கத்திலேயே காத்திருந்தது. இலைவெட்டி கிளம்பியதும் உள்ளே போய்ச் சட்டென்று வெளியே வந்தது. இதுதான் குயில் தேனீ. அறிவியல் பெயர் சீலியாக்சிஸ்; லத்ரேல் என்ற பிரெஞ்சு அறிஞர் 1809-இல் வைத்தது. இதற்கு மகரந்தம் சேர்க்கும் மயிர்த்தூரிகை உடலில் இல்லை, கூடும் கட்டாது. அந்தக் கூர்நுனியால் இலைச்சுவரைக் கீறி, முட்டையைச் செருகிவிடும்.

அதற்குப் பிறகு நடப்பதை நேயர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். குயில் தேனீயின் புழுவுக்கு இளம்பருவத்தில் அரிவாள் வடிவத் தாடைகள் வளரும். அந்தத் தாடையால் வீட்டுக்காரியின் முட்டையையோ புழுவையோ கொல்லும். இன்னொரு குயில் தேனீயின் புழு அங்கே இருந்தால் அதையும் விடாது. பிறகு தோலுரிக்கும்போது அரிவாள் போய்விடும். சாதாரணத் தாடை வரும். ஆயுதத்தின் வேலை முடிந்தது, இனி சாப்பாடுதான்! பிளந்த மூங்கிலுக்குள் உருப்பெருக்கியால் அந்தப் புழுவைப் பார்த்த பள்ளிப் பிள்ளைகள் சிலர் இடத்தை விட்டு நகரவே இல்லை.

கொலைகாரப் பூச்சி என்று இதை அடித்துவிடாதீர்கள். இலைவெட்டிகள் வாழும் இடத்தில்தான் இதுவும் வாழ முடியும். இது கண்ணில் பட்டால் அங்கே இலைவெட்டியும் இருக்கிறது என்று அர்த்தம். துவரைப் பூவில் மகரந்தம் கடத்துவதில் இலைவெட்டி இனத்துக்கும் பங்கு உண்டு. மாலை மங்கும்போது செடிகளைக் கூர்ந்து பாருங்கள், தாடையால் குச்சியைக் கவ்வியபடி தூங்கும் குயில் தேனீ ஒன்று உங்கள் கண்ணிலும் படும் என்று நம்புகிறேன்.