கற்பனைக்குப் பட்டா யார் பெயரில்?

(வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய கூட்டம் நாலரைக்குத் தொடங்கியிருக்கு. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றேன். துப்பறியும் நாவல், விஞ்ஞானக் கதை, மாயக்கதை, படக்கதை ஆகிய நாலு வகையைப் பற்றியும் வாசகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேங்கில் என்னோடு வேலை செய்கிறவர்கள், எங்கள் தெருப் பையன்கள், இயக்கத் தோழர்கள் என்று கொஞ்ச நாளாகப் பலரையும் கேட்டுப் பார்த்தேன். கிடைத்த அபிப்பிராயம் நாலு வரியில் அடங்கிவிடும். துப்பறியும் நாவலா? டைம்பாஸ். விஞ்ஞானக் கதையா? நடக்காத சங்கதி. மாயக்கதையா? மூடநம்பிக்கை. படக்கதையா? சின்னப்பசங்க சமாச்சாரம்.

வேறு எதிலும் ஒத்துப்போகாத ஆட்கள் இதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். நம் தோழர்கள் கூடுதலாக ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார்கள்: “நம்ம ஆளுங்க இதையெல்லாம் எழுதலாமா?” பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவர் விஞ்ஞானக் கதை ஒன்று எழுதி எடுத்து வந்தார். படித்த பெரியவர் ஒருவர், “தம்பி, மொதல்ல உன் தெருவை எழுது, அப்புறம் ஆகாசத்துக்குப் போ” என்று திருப்பிக் கொடுத்தார். அந்தத் தம்பி அதற்குப் பிறகு எதுவும் எழுதிக் கொண்டு வரவில்லை. நான் இன்றைக்குப் பேச வந்ததே இதற்காகத்தான்.

1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. நம் வாழ்க்கையை நாமே, நம் பேச்சிலேயே எழுதுவது எவ்வளவு பெரிய உடைப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் அந்த உடைப்பையே இப்போது வேலியாக்கப் பார்க்கிறார்கள். ‘நீ உன் வலியை எழுது, மற்றதை நாங்கள் கற்பனை செய்துகொள்கிறோம்’ என்கிறார்கள். நிலத்துக்குத்தான் பட்டா அவர்கள் பெயரில் இருக்கு. கற்பனைக்குமா? வாசகர் அபிப்பிராயம் என்று சொல்லப்படுகிற இந்த நாலையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் துப்பறியும் நாவல். ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் என்று பஸ் ஸ்டாண்டுக் கடையில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களைப் படித்து வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். நானும்தான். தமிழை விடாமல் படிக்கிற பழக்கம் எனக்கு வந்தது அதில்தான். அந்த நாவல்களில் ஒரு கொலை நடக்கும், போன் போகும், போலீஸ் ஜீப் வந்துவிடும். கொன்றது யார் என்பது கடைசி அத்தியாயத்தில் தெரியும். நம்ம ஊர்க் கதை இதற்குத் தலைகீழ். செய்தது யார் என்று முதல் அத்தியாயத்திலேயே ஊருக்கெல்லாம் தெரியும். ஸ்டேஷனுக்கு மட்டும் தெரியாது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போட வைப்பதற்கே ஒரு நாவல் அளவுக்கு அலைய வேண்டும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25இல் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். உயர்நீதிமன்றத்தில் நிலக்கிழார்கள் விடுதலை ஆனார்கள். எங்கள் பேங்கில் ‘சஸ்பென்ஸ் கணக்கு’ என்று ஒன்று உண்டு. யார் கணக்கு என்று தெரியாத பணத்தைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். நம் வழக்குகள் எல்லாம் யார் கணக்கு என்று தெரிந்தும் அதிலேயே கிடக்கின்றன.

அப்படியானால் துப்பறியும் கதை நமக்கு உதவாதா? அமெரிக்கக் கறுப்பர் செஸ்டர் ஹைம்ஸைப் பாருங்கள். 1928இல், பத்தொன்பது வயதில், கொள்ளை வழக்கில் இருபது முதல் இருபத்தைந்து ஆண்டு தண்டனை. எழுதத் தொடங்கியதே ஜெயிலில்தான். பரோலில் வெளியே வந்து நாவல்கள் எழுதினார். 1953இல் பிரான்ஸுக்குப் போனார். அங்கே ஒரு பதிப்பாசிரியர் கேட்டுக்கொண்டதால் ஹார்லெம் பகுதியை வைத்துத் துப்பறியும் நாவல் எழுதினார். 1958இல் பிரான்ஸில் அதற்குப் பரிசும் கிடைத்தது. கிரேவ்டிக்கர் ஜோன்ஸ், காஃபின் எட் ஜான்சன் என்று இரண்டு கறுப்புத் துப்பறிவாளர்கள். சொந்தச் சனங்களையே அடிக்கிற போலீஸ்காரர்கள். வெள்ளை அதிகாரிக்குக் கீழே வேலை. அந்த வரிசையில் 1969இல் வந்த நாவலில், மேலே இருப்பவர்கள் அவர்களை முழுசாக விசாரிக்கவே விடுவதில்லை. கொலை கடைசிவரை துலங்குவதும் இல்லை. நூறு துப்பறியும் நாவல் படித்த வாசகன், ‘என்னப்பா இது, முடிவே இல்லையே’ என்று கோபப்படுவான். அந்தக் கோபம்தான் ஹைம்ஸுக்கு வேண்டும். தீர்ப்பு வராதது எப்படி இருக்கும் என்று அவனுக்கும் கொஞ்சம் தெரியட்டுமே. டைம்பாஸ் என்று ஒதுக்கியிருந்தால் இந்த ஆயுதம் அவர் கைக்கு வந்திருக்குமா?

அடுத்தது விஞ்ஞானக் கதை, நடக்காத சங்கதி. 1953இல் அமெரிக்காவில் ‘வியர்டு ஃபேண்டஸி’ என்ற படக்கதைப் பத்திரிகையின் 18ஆம் இதழில் ஒரு சின்னக் கதை வந்தது. ஆல் ஃபெல்ட்ஸ்டீன் எழுதி, ஜோ ஆர்லாண்டோ வரைந்தது. எந்திர மனிதர்கள் மட்டும் வாழ்கிற ஒரு கிரகம். அவர்களைப் பெரிய விண்வெளிக் குடியரசில் சேர்க்கலாமா என்று பார்க்கப் பூமியிலிருந்து ஒருவர் வருகிறார். அங்கே ஆரஞ்சு எந்திரங்களும் நீல எந்திரங்களும் இருக்கின்றன. உள்ளே இருக்கிற பாகம் எல்லாம் ஒன்றுதான், மேல்தகட்டின் நிறம் மட்டும் வேறு. நீலத்துக்குத் தனிக் குடியிருப்பு, தனிப் படிப்பு, கீழ்வேலை. வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னும் தகுதி வரவில்லை என்று சொல்லிக் கிளம்புகிறார். விண்கலத்தில் ஏறித் தலைக்கவசத்தைக் கழற்றும்போதுதான் அவர் ஒரு கறுப்பர் என்று வாசகனுக்குத் தெரிகிறது.

தோழர்களே, ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், டீக்கடையில் ரெண்டு கிளாஸ் என்று இருக்கிற நமக்கு இது நடக்காத சங்கதியா? அந்தக் கதையை 1956இல் மறுபடி அச்சிடப் போனபோது, காமிக்ஸ் தணிக்கைக்குப் பொறுப்பானவர் அந்த மனிதர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார். எந்திரத்தின் நிறம் அவருக்குப் பிரச்சினை இல்லை, மனுஷன் நிறம்தான் பிரச்சினை! வெளியீட்டாளர் வில்லியம் கெயின்ஸ் மசியவில்லை. கதை மாற்றாமலே வந்தது.

வாசகர் அபிப்பிராயம் என்று நம்மிடம் நீட்டப்படுவது பல நேரம் வாசகருடையதே இல்லை. சாமுவேல் டெலனி என்ற கறுப்பு எழுத்தாளரின் ‘நோவா’ நாவல் 1968இல் வந்தது. அதற்கு முன்பு, தொடராக வெளியிட ‘அனலாக்’ பத்திரிகைக்கு அனுப்பியிருந்தார்கள். ஆசிரியர் ஜான் கேம்பெல் திருப்பி அனுப்பினார். கதை அவருக்குப் பிடித்திருந்ததாம். ஆனால் கதாநாயகன் கறுப்பன் என்றால் தன் வாசகர்களால் ஒட்ட முடியாது என்றாராம். பின்னால் டெலனியே இதை எழுதியிருக்கிறார். வாசகரைக் கேட்டாரா? இல்லை. தன் மனசில் இருந்ததை வாசகன் தலையில் ஏற்றிவிட்டார். “வாசகர் ஏத்துக்க மாட்டாங்க” என்று யாராவது உங்களிடம் சொன்னால், எந்த வாசகர் என்று திருப்பிக் கேளுங்கள்.

மூன்றாவது, மாயக்கதை. பகுத்தறிவு பேசுகிற நமக்கு மாயம் எதற்கு என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் புராணம் ‘நம்பு’ என்கிறது. மாயக்கதையோ ‘இப்படி வைத்துக்கொள்வோம்’ என்கிறது. ரெண்டும் ஒன்றல்ல.

ஆக்டேவியா பட்லர் 1947இல் பிறந்தவர். அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தவர், பின்வாசல் வழியாக உள்ளே போனவர். பட்லர் கல்லூரியில் படிக்கும்போது கூடப் படித்த ஒரு கறுப்பு இளைஞன், அடங்கிக் கிடந்த பழைய தலைமுறைமேல் கடும் கோபமாகப் பேசினான். அவர்களையெல்லாம் கொல்ல வேண்டும், ஆனால் என் அப்பா அம்மாவில் தொடங்க வேண்டியிருக்குமே என்கிற அளவுக்குப் போனான். அந்தப் பேச்சு பட்லரை விடவில்லை. 1979இல் ‘கின்ட்ரெட்’ என்ற நாவலாக வந்தது. 1976இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிற டேனா என்ற கறுப்புப் பெண், அடிமைமுறை இருந்த பழைய மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். எந்திரம் கிடையாது, விளக்கமும் கிடையாது. அங்கே அடிமைகளின் எஜமானுடைய மகன் ஒருவனை அவள் திரும்பத் திரும்பக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அவன் அவளுடைய முன்னோர்களில் ஒருவன். அவன் செத்தால் அவள் வம்சமே இல்லை. படித்தவள், சுயமரியாதை உள்ளவள். அவளே அந்தச் சவுக்குக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் பணியக் கற்றுக்கொள்கிறாள். கடைசியில் ஒரு கையை இழந்துதான் திரும்பி வருகிறாள்.

நம் கூட்டங்களிலும் பையன்கள் கேட்கிறார்கள்: “தாத்தா ஏன் தோள்துண்டை எடுத்து இடுப்புல கட்டினார்? ஏன் திருப்பி அடிக்கல?” என் தாத்தாவைப் பற்றி எனக்கே அந்தக் கேள்வி உண்டு. நாளைக்கு வீட்டில் நெல் இருக்க வேண்டும், பிள்ளைகள் உயிரோடு இருக்க வேண்டும் என்று நின்ற மனுஷனை இந்தக் காலத்துத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கோழை என்பது சுலபம். என் அப்பா பள்ளிக்கூடம் போனார் என்றால், தாத்தா தினம் உயிரோடு வீடு திரும்பினார் என்பதால்தான். கட்டுரையில் இதைச் சொன்னால் வாதமாகிவிடும், பையன்கள் மல்லுக்கு நிற்பார்கள். ஒரு பேரனைத் தாத்தாவின் களத்துமேட்டுக்கே அனுப்பி, ஆண்டைக்கு முன்னால் நிறுத்திப் பார்க்க மாயக்கதையால்தான் முடியும்.

கடைசியாகப் படக்கதை. 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியை அப்பாக்களும் படித்தார்கள், பிள்ளைகளும் படித்தார்கள். எழுத்து சரியாகக் கைகூடாதவர்களையும் உள்ளே சேர்த்துக்கொள்கிற வடிவம் அது. 2011இல் நவயானா பதிப்பகம் ‘பீமாயணா’ கொண்டுவந்தது. அண்ணல் அம்பேத்கர் தண்ணீருக்கும் தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும் பட்ட பாடு. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டுப் பழங்குடி ஓவியர்கள். மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் சதுரமே கிடையாது. அன்பாகப் பேசுகிறவர் பேச்சுக்குப் பறவை வடிவம் கொடுத்தார்கள். சாதி பேசுகிறவன் பேச்சுக்குத் தேள் கொடுக்கு. ஒரு வார்த்தை கொட்டும் என்பதைப் படிக்கத் தெரியாத கிழவிகூடப் பார்த்ததும் புரிந்துகொள்வாள். இது சின்னப்பசங்க சமாச்சாரமா?

இந்த வடிவங்கள் தானாக விடுதலை தந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆதிக்கத்துக்குக் காவல் நிற்கிற துப்பறிவாளர்களும் இருக்கிறார்கள், ராஜா ராணி பெருமை பாடுகிற மாயக்கதைகளும் கொட்டிக் கிடக்கின்றன. எடுக்கிற கை யாருடையது என்பதுதான் கேள்வி. நம் தெருப் படிப்பகங்களில் தன்வரலாறு இருக்கிற அலமாரியிலேயே இவற்றையும் வையுங்கள். ஆகாசத்தை எழுதுகிற பிள்ளையைத் தெருவுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். அவன் தெருவையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு போகிறான்.

பேசிவிட்டேன். எனக்கு மாறான அபிப்பிராயம் இருப்பவர்கள் முதலில் எழுந்து பேசலாம்.